சேலத்தில் நீ வாங்கிய சாத்துக்குடி

அன்புள்ள பாப்பா,

இந்தத் தாளைப் பிரித்ததும், யாரோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது தவறிப்போய் உன் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. எழுதியிருப்பது உன் அப்பாதான். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டின்மேல் நிற்கமாட்டேன் என்கின்றன. சில ஏறிப் போகின்றன, சில இறங்கிப் போகின்றன. மைன்ஸில் கரி ஓடும் பெல்ட் ஓரம் சிந்துவதை வாரிப் போட்டுப் பழகிய கை இது. மண்வெட்டிப் பிடியைப் பிடிப்பதுபோலவே பேனாவையும் இறுக்கிப் பிடிக்கிறேன் போலிருக்கிறது, தாளின் மறுபக்கத்தைத் தடவினால் எழுத்தெல்லாம் விரலில் தட்டுப்படுகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு சாயங்காலம் ஆகிறது. எங்கள் எழுத்து வகுப்பு டீச்சரம்மா பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறார்கள். "வார்த்தையில நான் கை வைக்கமாட்டேன் ஐயா, அது உங்களோடதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இதில் நன்றாக இல்லாதது ஏதாவது இருந்தால் அது என்னுடையதுதான்.

எழுத ஆரம்பித்ததும் வேறு ஒரு சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர். கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஏதோ எழுதிய பலகை சாய்த்து வைத்திருந்தது. சும்மா நிற்கிறோமே என்று எழுத்துக் கூட்டினேன். இன்று சர்க்கரை இல்லை. மறுபடியும் கூட்டினேன், அதேதான் வந்தது. "யாருக்காவது சர்க்கரை மட்டும் வேணும்னா நிக்காதீங்க, இல்லியாம்" என்று சத்தமாகச் சொன்னேன். முன்னால் நின்ற ஓர் அம்மா, "பெரியவரே, யார் சொன்னது?" என்றாள். "பலகை சொல்லுது" என்றேன். அவள் பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். பாப்பா, நான் படித்துச் சொல்லி ஒரு ஆள் வரிசையை விட்டுப் போனது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. எனக்குச் சர்க்கரை கிடைக்காத வருத்தமே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான், இதைச் சொல்ல உள்ளே யாரும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. வகுப்பில் என்னைப் பிடித்துத் தள்ளியவளே உன் அம்மாதானே. "சும்மா ஒக்காந்துகினு கூரையப் பாத்துகினு இருக்கறதுக்கு, போயி நாலு எழுத்து கத்துக்கினு வாங்க" என்று விரட்டினாள். பாதி எழுத்து கற்றுக்கொள்வதற்குள் அவள் போய்விட்டாள். மீதி எழுத்தை அவள் இல்லாமல்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தை மாதம் நமக்குப் பொங்கல் இல்லை. அம்மா இறந்த வருஷம் என்பதால் பானை வைக்கவில்லை, கோலம் போடவில்லை. நீ மட்டும் லீவுக்கு வந்தாய். எதிர்வீட்டு ராணி கொடுத்தனுப்பிய பொங்கலை நாம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அப்போதுதான் சொன்னாய், ஹாஸ்டலில் வேறு அறை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மாசக் கடைசியில் மாற்றிவிடுவார்கள் என்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. கூட இருக்கும் பெண்ணைப் பற்றி நீயே சொன்னாய்: "அவ மூஞ்சியப் பாத்துகினு ஒரே ரூம்ல என்னால தூங்க முடியலப்பா. நான் பழம் பொறுக்கிகினு இருந்தப்ப பக்கத்துல நின்னா. எல்லாம் தெரிஞ்சுகினு நின்னா." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். எனக்கு வாய் வரவில்லை. வாயால் சொல்ல வராதது கையால் வருமா என்று பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

ஆடி மாதம் நடந்ததை நீ அறிந்த பக்கத்திலிருந்து நீ பார்க்கிறாய். இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும். அன்று விடிந்ததும் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. உன் அம்மா இரண்டாவது குடத்தைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்தாள். நெஞ்சைப் பிடித்தாள். ஆட்டோ வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. திரும்பி வந்து அவளைக் கூடத்தில் கிடத்திய பிறகு, ராணி உன் எண்ணைப் போட்டு போனை என் காதில் வைத்தாள். "அப்பா, என்னாப்பா இவ்ளோ காலையில?" என்றாய். பல் துலக்கிக்கொண்டே பேசினாய் போலிருக்கிறது, வாயில் நுரையோடு பேசுகிற மாதிரி இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் சொல்ல நினைத்ததை மாற்றிக்கொண்டேன். "அம்மாவுக்கு நெஞ்சு வலி கண்ணு, ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க, கெளம்பி வா. தனியா வராத. கூட இருக்கற பொண்ணுகிட்ட போனைக் குடு, நான் சொல்றேன்" என்றேன். நீ ஸ்ரவந்தியிடம் கொடுத்தாய்.

அந்தப் பெண்ணின் பெயரை எழுத எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது, தெரியுமா? 'ஸ்ர' என்ற எழுத்தை டீச்சரம்மா பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினார்கள். நெல்லூர்ப் பக்கத்துப் பெண், தமிழே ஹாஸ்டலுக்கு வந்துதான் கற்றுக்கொண்டாள் என்று நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். நீங்கள் மூன்று பேரும் அந்த அறைக்குப் போன புதிதில் உன் அம்மாவிடம் தினமும் போனில் அவளைப் பற்றிய கதைதான். சாம்பாரில் ஊறுகாயைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறாள், நசீமாவின் பிரியாணிப் பாத்திரத்தைச் சுரண்டுகிறாள், என்னை 'மலரு மலரு' என்று கூப்பிட்டே கொல்கிறாள் என்பாய். உன் அம்மா சிரித்துச் சிரித்து எனக்குச் சொல்வாள். அந்தப் பெண்ணிடம்தான் நான் சொன்னேன்: "அம்மா, இவ அம்மா எறந்துட்டா. வழியில அவகிட்ட சொல்லிடாத. வூட்டுக்கு வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரின்னே சொல்லிகினு வா." அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், பொய் எப்படி அங்கிள் சொல்றது? அவ என் முகம் பாத்தா தெரிஞ்சிடும். என்னால முடியாது அங்கிள்." நான் கெஞ்சினேன். கால் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறவள் காலில் விழுகிறேன் என்று சொன்னேன். "சரி அங்கிள்" என்றாள். அந்த 'சரி' என்ற சொல்லுக்குத்தான் நீ இப்போது அவளைத் தண்டித்துக்கொண்டிருக்கிறாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். நம் பக்கத்தில் சாவுச் சேதியை வழியில் இருக்கிறவர்களிடம் சொல்லமாட்டார்கள். சீரியஸா இருக்கு, வா என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கும் பாதி தெரிந்திருக்கும், ஆனால் மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மந்தாரக்குப்பத்தில் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம். எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள், ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். ஒருவன் எழுந்து போகும்போது இன்னொருவன் வந்து அதே பாயில் படுப்பான், பாய் ஆறவே ஆறாது. அதில் ஒருவன் தங்கராசு, திருநெல்வேலிப் பக்கம். எங்கப்பா இறந்த அன்று மைன்ஸ் கேட்டில் நின்று என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டான். "உங்கப்பா வரப்புல வழுக்கி விழுந்துட்டாராம்ல, காலு பிசகிடுச்சாம், உன்னையப் பாக்கணும்ங்காரு" என்றான். எங்கள் ஊர் கம்மாபுரம் வரைக்கும் மிதித்தான். வழியெல்லாம் எங்கப்பாவை நான் கேலி பேசிக்கொண்டே போனேன். இந்த வயதில் வரப்பில் ஓடினால் விழத்தானே செய்வார் என்றேன். நடுவில் நிறுத்தச் சொல்லி டீயும் போண்டாவும் வாங்கினேன். நான் இரண்டு போண்டா தின்றேன். அவன் கையில் வாங்கியதைக் கடைசிவரை தின்னவில்லை, நாய்க்குப் போட்டான். ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை அவன் சொன்னான்: "நீ பின்னால உக்காந்து சிரிச்சுக்கிட்டே வந்தே பாரு, சைக்கிளைக் கொண்டுபோய் ஏரிக்குள்ள விட்டுரலாமான்னு இருந்துச்சுல எனக்கு." எனக்கு அவன்மேல் கோபம் வரவே இல்லை பாப்பா. எங்கப்பா உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்பிய கடைசி வழி அது. அதை எனக்குக் கொடுத்தவன் அவன். அதனால்தான் உனக்கும் அது நல்லது என்று நினைத்துவிட்டேன்.

உன் அம்மாவுக்கு நடந்தது வேறு மாதிரி. நீ பிறப்பதற்கு ரொம்ப முன்னால் நெல்லிக்குப்பத்தில் அவள் அம்மா இறந்தார்கள். இவளுக்கும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சேதி வந்தது. பஸ்ஸில் தனியாகப் போனாள். பண்ருட்டியில் ஏறிய உறவுக்காரர் ஒருவர் இவளைப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டே, "என்னாம்மா, அம்மாவ எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டார். அவர்மேலும் தப்பில்லை, இவளுக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார். உன் அம்மா பஸ்ஸுக்குள்ளேயே விழுந்துவிட்டாள். கண்டக்டர் தண்ணீர் தெளித்தாராம். யாரோ ஒரு பெண் மடியில் போட்டுக்கொண்டாளாம். "பஸ்ஸுல அழுதா அழுககூட நமக்குச் சொந்தம் இல்லிங்க. டிக்கெட் குடுக்கறவன் பாக்கறான், சன்னல் ஓரம் ஒக்காந்துகினு இருக்கறவன் பாக்கறான். தலைய விரிச்சுப் போட்டுகினு அழ ஒரு எடம் வேணும்" என்பாள். நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒரு நாள், பக்கத்துத் தெருவில் ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்து குளித்துத் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாப்பாவுக்கு வழியில சொல்லிடாதீங்க. அவ பஸ்ஸுல வுழக் கூடாது." நான் "வாய மூடு" என்றேன். அன்று காலையில் உன் குரலைக் கேட்டபோது அதுதான் காதில் கேட்டது.

இதையெல்லாம் சொல்லி, நாங்கள் செய்தது சரி என்று நான் நிரூபிக்க வரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் நீ என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சிருந்தா வழியெல்லாம் அம்மாவ நெனச்சு அழுதுகினு வந்திருப்பேன். நீங்க எல்லாரும் சேந்து அந்த நேரத்த என்கிட்டேருந்து எடுத்துட்டீங்க" என்றாய். நீ உன் அம்மாவும் இல்லை, நானும் இல்லை. நீ படித்தவள், உனக்கு எது நடந்தாலும் தெரிந்துகொண்டு தாங்க வேண்டும். அதை நான் யோசிக்கவில்லை. எங்கள் பயத்தை உனக்குப் போர்த்திவிட்டேன். உன் கோபம் நியாயம். ஆனால் அந்தக் கோபம் வந்து இறங்கிய இடம்தான் தப்பு. என்னிடம் கோபப்பட முடியாமல், பெண்டாட்டி போன கிழவனிடம் என்னத்தைச் சொல்வது என்று என்னை விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவள்மேல் போட்டுவிட்டாய்.

சேலத்தில் நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. பஸ் மாறுவதற்காக அங்கே இறங்கினீர்கள். அம்மாவுக்குச் சாத்துக்குடி வாங்க வேண்டும் என்று நீ கடைக்குப் போனாய். அவள் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போனாள், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இது உனக்குத் தெரியும். அவள் பாத்ரூம் போகவில்லை பாப்பா. கடைக்குப் பின்னால் நின்று எனக்கு போன் செய்தாள். அழுகையில் தமிழ் வரவில்லை, பாதி தெலுங்கு. "அங்கிள், அது பழம் வாங்குது அங்கிள். ஒண்ணு ஒண்ணா அழுத்திப் பாத்து எடுக்குது. அம்மாக்கு புளிப்பு ஆகாதுன்னு கடைக்காரர்கிட்ட சொல்லுது. நான் வேண்டாம்னு எப்படி சொல்றது? இப்பவாவது சொல்லிடட்டா அங்கிள்?" என்று கேட்டாள். நான்தான், "வாங்கட்டும் வுடும்மா. இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றேன். அவள் கேட்டாள், நான் தடுத்தேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நின்றாள். நீ பொறுக்கியதைப் பையில் வாங்கிக்கொண்டாள். நீ பார்த்தது அந்த முகத்தைத்தான்.

அதன் பிறகு பஸ்ஸில் அவள் உன் தோளில் சாய்ந்து தூங்குவதுபோல் நடித்தாள் என்று சொன்னாயே, நடித்ததுதான். கண்ணைத் திறந்தால் கொட்டிவிடும் என்று மூடிக்கொண்டாளாம். என்னிடம் சொன்னாள். நடித்தது அவள் மட்டுமா? ஆத்தூர் தாண்டி நீ போன் செய்து, "அம்மாகிட்ட குடுப்பா, ஒரு வார்த்த பேசிட்டு வெச்சிடறேன்" என்றாய். "தூங்கறா கண்ணு, டாக்டர் எழுப்பக் கூடாதுன்னாரு" என்றேன். அப்போது உன் அம்மா என் எதிரில்தான் இருந்தாள். ஃப்ரீசர் பெட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "அது என்னாப்பா சத்தம்?" என்று கேட்டாய். "ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்" என்றேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள், அழுகைச் சத்தம் உனக்குக் கேட்கக் கூடாது என்று. நீ வைத்த பிறகுதான் விட்டார்கள். ஒரு தெருவே உன்னிடம் நடித்தது பாப்பா. அதில் ஒருத்தி மட்டும் உன்னோடு ஒரே அறையில் இருக்கிறாள் என்பதால் அவள் மட்டும் குற்றவாளி ஆகிவிட்டாள்.

நீங்கள் வந்து சேர்ந்தபோது தெருமுனையிலேயே மேளச் சத்தம் கேட்டு நீ ஓடி வந்தாய். உனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. நான் பார்த்தேன். ஸ்ரவந்தி அந்தப் பழப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பந்தல் காலோரம் நின்றாள். சாவு வீட்டுக்குள் பழத்தோடு போகலாமா, கூடாதா, எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரையும் தெரியாது, பேசுகிறது பாதி புரியாது. உன் அம்மாவை எடுத்துக்கொண்டு போன பிறகும் அங்கேயே நின்றாளாம். ராணிதான் பையை வாங்கி வைத்துவிட்டு அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் நீ எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று சுருண்டு கிடந்தாயே, அப்போது உன் வாயில் டம்ளரை வைத்து யாரோ குடிக்க வைத்தார்கள், நீயும் கண் திறக்காமல் குடித்தாய். அது அந்தச் சாத்துக்குடிதான். ஸ்ரவந்திதான் பிழிந்தாள். உன் அம்மாவுக்காக நீ புளிப்பில்லாமல் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதை உனக்கே கொடுத்தாள். வீணாகப் போகக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் நசீமா எனக்கு போன் செய்தாள். நீ கோபித்துக்கொள்ளாதே, பயந்துதான் செய்தாள். "அங்கிள், எங்க ரூம் ரூமாவே இல்ல. மலர் அவகிட்ட பேசறதில்ல, அவ மலர்கிட்ட பேச பயப்படறா. ஃபேன் சுவிட்ச் ஸ்ரவந்தி பக்கம் இருக்கு. மலருக்குக் குளிருச்சுன்னா என்கிட்ட சொல்றா, நான் அவகிட்ட சொல்றேன், அவ ஃபேனை நிறுத்தறா. நான் படிக்க வந்தேனா, தபால்காரி வேலைக்கு வந்தேனா, நீங்களே சொல்லுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, மீதியைக் கேட்டதும் நின்றுவிட்டது. கட்டிலை நகர்த்தி நடுவில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாயாம். சாப்பாட்டு மேஜையிலும் தள்ளிப் போய் உட்காருகிறாயாம். அவள் அம்மா அனுப்பும் கோங்குரா என்ற புளிச்சக்கீரை ஊறுகாயை முன்பெல்லாம் நீதான் முதலில் திறப்பாயாம், இப்போது டப்பா திறக்கப்படாமலே ஜன்னலில் இருக்கிறதாம். வேறு அறை கேட்டு நீ எழுதிக் கொடுத்தது தெரிந்ததும், ஸ்ரவந்தி வார்டனிடம் போய், மலர் இங்கேயே இருக்கட்டும், நான் மாறிக்கொள்கிறேன், அவள் ஜன்னல் பக்கம் இல்லாவிட்டால் தூங்கமாட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். இதையும் நசீமாதான் சொன்னாள்.

அறைக்கூட்டாளி என்பவர் சொந்தமும் இல்லை, வேற்றாளும் இல்லை. பெற்றவர்கள் நாங்கள் உங்களை நல்ல முகத்தோடு வழியனுப்பிவிடுகிறோம். நீங்கள் காய்ச்சலில் புலம்புவதையும், பரீட்சையில் தோற்றுவிட்டு அழுவதையும், துவைக்காத துணியோடு படுப்பதையும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். தங்கராசுவும் நானும் ஒரே பாயில் மாறி மாறிப் படுத்தோம். சோப்புக்குச் சண்டை போட்டிருக்கிறோம், குறட்டைக்குச் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் எங்கப்பா சாவுக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவன் கால்தான். கூடப் பிறந்தவர்கள் உனக்கு இல்லை. நாங்கள் வெகுநாள் காத்திருந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை நீ. அம்மா போய்விட்டாள், நான் எத்தனை நாளோ. உன் அம்மாவின் கடைசி நாளைப் பற்றி இன்னும் இருபது வருஷம் கழித்து உனக்கு யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கும். உன் புருஷனிடம் சொல்லலாம், பிள்ளைகளிடம் சொல்லலாம். அவர்கள் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த வழி முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளிடம் மட்டும்தான் நீ, "அந்தப் பழக்காரர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?" என்று கேட்க முடியும். அவளையும் இழந்துவிடாதே என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. அது ஸ்ரவந்திக்கு. அதில் இருப்பதை உனக்கும் இங்கே எழுதிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை: "அம்மா ஸ்ரவந்தி, அன்றைக்கு என் மகளிடம் பொய் சொன்னது நீ இல்லை. நான் சொன்ன பொய், உன் வாய் வழியாக வந்தது. அதைச் சுமக்க உன்னிடம் கொடுத்துவிட்டு நான் இங்கே சும்மா இருந்துவிட்டேன். இனிமேல் அதை என்னிடமே கொடுத்துவிடு. எங்கள் வீட்டுக்கு மறுபடியும் வா. இப்படிக்கு மலரின் அப்பா." அவ்வளவுதான். இந்தச் சின்னத் தாளை எழுதத்தான் அதிக நாள் ஆனது.

அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கத் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், போன வருஷம் வரை நான் அப்படித்தான் நின்றேன். அதனால் அவளை ரொம்ப நேரம் நிற்க வைக்காதே. நசீமா படித்துக் காட்டிவிடக் கூடாது என்று அவளிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "கவலைப்படாதீங்க அங்கிள், அன்னைக்கு நான் கண்ணாடியைத் தொலைச்சிடறேன்" என்றாள். ஆகவே நீதான் படிக்க வேண்டும் பாப்பா. மெதுவாகப் படி. என் எழுத்து அப்படி, வேகமாகப் படிக்கவும் முடியாது.

படித்த பிறகும் உனக்கு அந்த அறை வேண்டாம் என்று இருந்தால் மாறிக்கொள். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காக ஒரு தடவை முடிவு செய்தேன், அது போதும். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ராணி குழம்பு கொடுக்கிறாள், வகுப்புக்குப் போகிறேன். அடுத்த வாரமும் எழுதுவேன். உறையின்மேல் எந்த அறை எண்ணைப் போடுவது என்று மட்டும் போனில் சொல்லிவிடு.

அப்பா